ஏரிக்கரையில் வளர்ந்திருக்கும் ஊமத்தை: எந்த வகை இது, முயன்று பார்ப்பது தகுமா?

கீழ்வயல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வேலூர் மாவட்டத்தில், குடியாத்தத்தைத் தாண்டி ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. ஊருக்கு வடக்கேயுள்ள ஏரிக்கரையிலும், அதையடுத்த குப்பைமேட்டிலும், இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி புதர் புதராக வளர்ந்திருக்கிறது. இலை அகன்று, சாம்பல் பூத்தாற்போல் மென்மையான மயிருடன் இருக்கிறது. கசக்கினால் குமட்டும் வாடை வருகிறது. வெள்ளைப் பூ குழல் வடிவில் நீண்டு, பொழுது சாய்ந்த பிறகு விரிந்து, மறுநாள் வெயில் ஏறியதும் துவண்டுவிடுகிறது. காய் உருண்டையாக, மெல்லிய முட்கள் அடர்ந்து, கீழ்நோக்கித் தொங்குகிறது.

ஊர்ப் பெரியவர்கள் இதை ஊமத்தை என்கிறார்கள். ஒருவர் மட்டும் இது மருளூமத்தை என்று சாதிக்கிறார். சிவன் கோயில் நந்தவனத்தில் இதே போன்ற, ஆனால் தண்டும் பூவும் கருநீலமாக உள்ள செடி ஒன்று இருக்கிறது. இவை மூன்றும் ஒன்றா, வேறா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வியைத் தயக்கத்துடன்தான் எழுதுகிறேன். பொறியியல் படிக்கும் என் சித்தப்பா மகன் விடுமுறைக்கு நண்பர்களுடன் வந்திருக்கிறான். ஏதோ காணொளியைப் பார்த்துவிட்டு, இந்தச் செடியைச் சிறிதளவு உட்கொண்டால் கனவு போன்ற காட்சிகள் தோன்றும் என்றும், கஞ்சாவுக்கு இருப்பதுபோல் இதற்குச் சட்டத் தடை இல்லை என்றும், அளவறிந்து எடுத்தால் ஆபத்தில்லை என்றும் சொல்லி, மலைப்பக்கம் போய் முயன்று பார்க்கத் திட்டமிடுகிறார்கள். எனக்கும் ஆர்வம் அறவே இல்லை என்று சொன்னால் அது பொய். வகையைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டால், பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பச்சையேடு

கல்லூரியில் தாவரவியல் கற்பிப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கு விரிவாகவும், இரண்டாவதற்குச் சுருக்கமாகவும் பதில் சொல்கிறேன்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால், ஏரிக்கரைச் செடி டத்தூரா இன்னாக்சியா என்னும் வகை. சாம்பல் நிற மென்மயிர், நீண்டு மெலிந்த முட்கள், தொங்கும் காய் ஆகிய மூன்றும் சேர்ந்து வருவது அதில்தான். கோயில் நந்தவனத்தில் இருப்பது டத்தூரா மெட்டல், அதாவது கருவூமத்தை. இதன் இலை வழுவழுப்பாக இருக்கும். காயில் கூர்முள்ளுக்குப் பதிலாகக் குட்டையான, தடித்த புடைப்புகள் இருக்கும். பூ பல நேரங்களில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்காக அமைந்திருக்கும். இதிலேயே வெள்ளைப் பூ பூப்பதும் உண்டு. அதைத்தான் வெள்ளூமத்தை என்கிறோம். பூவின் விளிம்பை விரித்து எண்ணினால் மெட்டலின் ஒற்றையடுக்குப் பூவில் பொதுவாக ஐந்து கூர்முனைகளும், இன்னாக்சியாவில் இடைமுனைகளும் சேர்ந்து பத்தும் தெரியும். உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளில் டத்தூரா ஸ்ட்ரமோனியம் என்ற மூன்றாவது வகையைக் காணலாம். அதன் பூ சிறியது, இலை ஓரம் ஆழமாக வெட்டுண்டிருக்கும், காய் தொங்காமல் நிமிர்ந்து நின்று, முற்றியதும் நான்கு பிளவாகச் சீராகத் திறக்கும், விதை கறுப்பு. மற்ற இரண்டிலும் காய் ஒழுங்கின்றி வெடிக்கும். விதை பழுப்பாக இருக்கும்.

எந்த ஊமத்தையையும் உறுதிசெய்ய எளிய வழி ஒன்று உண்டு. காயின் அடிப்பகுதியைக் கவனியுங்கள். பூ உதிரும்போது, அதன் அடியைச் சுற்றியிருக்கும் பச்சை உறையான புல்லிவட்டக் குழலின் மேற்பகுதி அறுந்து விழுந்து, அடிப்பகுதி மட்டும் காம்பைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டை போலத் தங்கிவிடும். முள்ளுள்ள வேறு காய்களில், எடுத்துக்காட்டாக ஆமணக்கில், இந்தப் பட்டையைப் பார்க்க முடியாது.

மருளூமத்தை என்பது பெயரில் மட்டுமே ஊமத்தை. அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆட்டு மயிரிலும் வேட்டி ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும் கொக்கிமுள் காய்களை உடையது. ஊமத்தையோ கத்தரி, தக்காளி, மிளகாய், தூதுவளை ஆகியவற்றின் குடும்பம். பெயரை நம்பி மருளூமத்தையை அறியாமல் உண்பவருக்கு வேறு வகை ஆபத்து காத்திருக்கிறது: அதன் இளநாற்று கல்லீரலைச் சிதைக்கும். 2007ஆம் ஆண்டு வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதியில், வெள்ளத்துக்குப் பிறகு உணவு கிடைக்காத மக்கள் இதன் நாற்றைக் கீரையாகச் சமைத்து உண்டதில் 76 பேர் நோயுற்றார்கள். அவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இறந்துபோனார்.

இனி இரண்டாவது கேள்வி. அடையாளம் கண்டுகொண்டால் அளவும் தெரிந்துவிடும் என்று நீங்கள் எண்ணுவதில்தான் பிழை இருக்கிறது. அடையாளம் காண்பதால் இது ஊமத்தை என்பது மட்டுமே உறுதியாகும்; இந்தச் செடியில், இந்தக் காயில், இன்றைய நாளில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பது தெரியாது. ஹயோசயமைன், ஸ்கோபோலமைன், அட்ரோபின் ஆகிய ஆல்கலாய்டுகள் (இந்தச் செடியின் நச்சுச் சேர்மங்கள்) வேர் முதல் விதை வரை எல்லாப் பகுதிகளிலும் உள்ளன. அவற்றின் அளவு செடிக்குச் செடி பன்மடங்கு வேறுபடும். மண், நீர், செடியின் வயது, பறிக்கும் பருவம் ஆகிய அனைத்தும் அதை மாற்றும். ஒரே புதரின் இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் கூட ஒப்புமை சொல்ல முடியாது. ஆய்வுக்கூடக் கருவி இல்லாமல் ஒருவர் சொல்லும் எந்த அளவும் குருட்டுக் கணக்குதான்.

இரவுப்பணி

கீழ்வயல் தம்பிக்கு. மாவட்டத் தலைநகர் ஒன்றில் அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் செவிலியர் நான். ஊமத்தை உண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சித்தப்பா மகன் நினைக்கும் ‘கனவு போன்ற காட்சி’ என்பது வெளியிலிருந்து எப்படித் தெரியும் என்பதைச் சொல்வது என் கடமை.

உட்கொண்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் வறண்டுவிடும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. கண்பாவை அகன்று, கருவிழியின் நிறமே தெரியாதபடி விரிந்துவிடும், அருகில் உள்ள எழுத்து எதுவும் தெளியாது, வெளிச்சம் உறுத்தும். முகமும் கழுத்தும் சிவந்து கொதிக்கும். இவ்வளவு சூட்டிலும் வியர்வை ஒரு துளி கூட வராது. நாங்கள் அக்குளில் கை வைத்துப் பார்ப்போம். ஓடியாடித் திமிறுகிற ஆளின் அக்குள் உலர்ந்து கிடந்தால் ஊமத்தை போன்ற நஞ்சின் மீதுதான் முதல் ஐயம் விழும். இதயத் துடிப்பு மிக வேகமாக ஓடும். குடல் அசைவு நின்றுபோகும். சிறுநீர்ப்பை நிரம்பி அடிவயிறு கல்லாக இறுகியிருந்தும் சிறுநீர் பிரியாது. குழாய் செருகித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கும். வயது வந்த பையன்கள் அந்த வலியில் கதறுவதை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை.

மனத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மற்றப் போதைகளில், தான் காண்பது மாயை என்னும் உணர்வு ஓரளவேனும் எஞ்சி நிற்பதுண்டு. இதில் அது அற்றுப்போகும். இல்லாத பீடியைப் பற்ற வைத்து, இழுத்து, சாம்பலைத் தட்டுவார்கள். காற்றில் நூல் பிரிப்பார்கள். போர்வையில் ஊராத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். எதிரே நிற்கும் தாயை அடையாளம் தெரியாமல், அங்கே இல்லாத நண்பனுடன் மணிக்கணக்கில் பேசுவார்கள். ரசித்துவிட்டுப் பிறகு நினைத்துப் பார்ப்பதற்கு இதில் எதுவும் மிஞ்சுவதில்லை. தெளிந்த பின் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது எதுவுமே நினைவில் இருப்பதில்லை. ஒரு நாள் அல்லது இரண்டு நாள் இந்நிலை நீடிக்கலாம். கண்பாவை சுருங்கிப் பார்வை தெளியச் சில நாட்கள் கூடுதலாகவே ஆகும்.

நஞ்சு நேரடியாகக் கொல்வது ஒருபுறம் இருக்கட்டும். உடல்வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறுவதாலும், வலிப்பினாலும், இதயத் துடிப்பு சீர்குலைவதாலும் இறப்பு நேர்கிறது. கிணறு, ஏரி, மலைச்சரிவு, நெடுஞ்சாலை ஆகியவற்றால் நேர்வதும் உண்டு. அவர்கள் மலைப்பக்கம் போவதாகச் சொல்கிறீர்கள். கண் தெரியாமல், நா வறண்டு, தண்ணீரைத் தேடி அலையும் ஒருவருக்கு அதைவிடக் கெட்ட இடம் வேறு இருக்க முடியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த நஞ்சு இரைப்பையின் இயக்கத்தையே மந்தமாக்கிவிடுவதால், உட்கொண்டது மெல்ல மெல்லத்தான் குடலுக்கு இறங்கும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று மீண்டும் எடுத்துக்கொள்பவர்கள் முதலில் எடுத்ததன் முழு விளைவையும் இன்னும் சந்திக்கவே இல்லை என்பதை உணர்வதில்லை.

யாராவது ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், உடனே 108ஐ அழையுங்கள். போதை தெளிவதற்காக எலுமிச்சைச் சாறோ மோரோ புளிக்கரைசலோ புகட்ட வேண்டாம். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். கயிற்றால் கட்டிப் போடவும் வேண்டாம். திமிறத் திமிற உடல்வெப்பம் ஏறும். நிழலில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, ஒருவர் விலகாமல் உடனிருக்க வேண்டும். உண்ட செடியின் ஒரு கிளையைக் காயுடன் மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். எதை உண்டார் என்று தெரியாமல் மனநோய் என்றோ மூளைக்காய்ச்சல் என்றோ நினைத்துக் காலம் போவதை அந்தக் கிளை தடுக்கும்.

மேற்குத்திசை

மேலே எழுதியவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் மேலைநாட்டு மருத்துவம் எல்லா மூலிகைகளையும் நஞ்சு என்று சொல்லியே பழக்கப்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஊமத்தை சிவபெருமான் சூடும் மலர். சாமியார்கள் காலங்காலமாக இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். சித்தர்கள் இதை மருந்தாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆஸ்துமாவுக்கு இதன் புகையைப் பிடித்த தாத்தாக்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். எங்கள் தாத்தாவும் அவர்களில் ஒருவர். முன்னோர் அறிந்து பயன்படுத்திய ஒன்றை முற்றிலும் ஒதுக்குவது சரியா என்பதே என் ஐயம்.

கல்வம்

சித்த மருத்துவப் பட்டம் பெற்றுத் தொழில் செய்து வருபவன் என்பதால், மேற்குத்திசை ஐயாவுக்கு நானே பதில் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

சிவனுக்குச் சூட்டப்படும் மத்தம் இதுதான் என்பதில் கருத்து வேறுபாடில்லை. தேவாரத்தில் கொன்றையோடும் எருக்கோடும் கூவிளத்தோடும் இது பலமுறை வருகிறது. ஆனால் எருக்கம்பூ மாலையைப் பிள்ளையாருக்குச் சாத்துகிற நாம் எருக்கம்பாலை எடுத்துக் குடிப்பதில்லை. ஆலகாலத்தையே உண்டவருக்குச் சாத்துகிற பூ நமக்கு உணவாகிவிடாது.

சித்த மருத்துவத்தில் ஊமத்தை இருப்பது உண்மை. அதன் புகழ்பெற்ற மருந்து மத்தன் தைலம். ஊமத்தை இலைச்சாற்றைத் தேங்காய் எண்ணெயில் மயில்துத்தம் சேர்த்துக் காய்ச்சி, ஆறாத புண்களின் மேல் போடுகிறோம். இது புறமருந்து. உள்மருந்தாகப் பயன்படும் இடங்களில் சுத்திமுறை, துணைச்சரக்கு, நோயாளியின் உடல்நிலை ஆகிய அனைத்தும் பார்க்கப்படுகின்றன. அந்த மருந்துகளும் நோயைத் தணிக்கத்தான், மயக்கத்தை வரவழைக்க அல்ல. மயக்கம் வந்தால் அது மருந்து பிழைத்ததன் அடையாளமாகவே கொள்ளப்படும். இந்திய மருந்துச் சட்ட விதிகளில், பாரம்பரிய மருத்துவ முறைகளில் பயன்படும் நச்சுப் பொருட்களுக்கென்று தனியே ஓர் அட்டவணை இருக்கிறது. ஊமத்தை அதில் இடம்பெற்றிருப்பதால், அது சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைப் புட்டியின் மேல் அச்சிட வேண்டும். இந்தச் செடியை நஞ்சு என்று மேலைநாட்டார் மட்டும் சொல்லவில்லை. நம் நூல்களும் அப்படித்தான் வகைப்படுத்தியிருக்கின்றன.

இரைப்புக்குப் புகை பிடித்த தாத்தாக்களைப் பற்றி: அதில் உண்மை இருக்கிறது. ஊமத்தையின் ஆல்கலாய்டு மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தும். ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டு தொடங்கி இந்த இலையைச் சுருட்டி ஆஸ்துமா சிகரெட்டாகவே விற்றார்கள். ஆனால் அதே விளைவை அளவோடு, மூளைக்குள் அதிகம் நுழையாத வகையில் தருவதற்காக அட்ரோபினை மாற்றியமைத்து உருவாக்கிய இப்ரட்ரோபியம் என்னும் மருந்து இன்று இன்ஹேலரில் கிடைக்கிறது. உங்கள் தாத்தா இன்று இருந்தால் நானே அவரிடம் இன்ஹேலரைத்தான் கொடுப்பேன். புகையாக எடுத்தால் ஆபத்து குறைவு என்று இளைஞர்கள் யாராவது கருதினால், அதுவும் தவறு. புகையிலும் அளவு தெரியாது, நுரையீரல் வழியாக விரைந்து ஏறுவது மட்டும்தான் வேறுபாடு.

பழைய தடயம்

தடயவியல் ஆய்வுக்கூடப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் செடியைப் போதைக்கானது என்று இளைஞர்கள் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது; எங்கள் துறையில் இதன் பெயர் வழிப்பறி நஞ்சு. 1856இல் நார்மன் செவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் கல்கத்தாவிலிருந்து வெளியிட்ட மருத்துவச் சட்ட நூலிலேயே, வழிப்போக்கர்களின் உணவில் ஊமத்தை விதையைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிப்பவர்களைப் பற்றி விரிவான செய்திகள் இருக்கின்றன. ரயில் பயணத்தில் முன்பின் தெரியாதவர் கொடுக்கும் தின்பண்டத்தை வாங்கி உண்ணாதே என்று நம் வீடுகளில் சொல்லி அனுப்புவதற்குப் பின்னால் இந்த விதையும் இருக்கிறது. கொடுத்தவரைப் பற்றி உண்டவர் சாட்சி சொல்ல முடியாது என்பதே கொள்ளையருக்கு இதில் கிடைத்த ஆதாயம். செவிலியர் சகோதரி சொன்ன அந்த மறதியைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள்.

எங்கள் மேசைக்கு வாந்தியோ இரைப்பைக் கழுவுநீரோ வரும்போது, அதிலுள்ள விதை ஊமத்தையா மிளகாயா என்று பிரித்தறிவதே முதல் வேலையாக இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் மேலோட்டப் பார்வையில் ஏமாந்துவிடலாம். மிளகாய் விதை மெல்லியது, வட்டமானது, வெளிர்மஞ்சள் நிறமும் வழவழப்பும் கொண்டது. ஊமத்தை விதை அதைவிடப் பெரியது, தடித்தது, சிறுநீரக வடிவில் பழுப்பாக இருக்கும். லென்சு வைத்துப் பார்த்தால் மேற்பரப்பு முழுவதும் சிறுசிறு குழிகளும், குவிந்த ஓரத்தில் இரட்டை விளிம்பும் தெரியும். குறுக்கே வெட்டினால் மிளகாயின் கரு உள்நோக்கியும் ஊமத்தையின் கரு வெளிநோக்கியும் வளைந்திருக்கும். பிறகு சாற்றை எடுத்துப் பூனையின் கண்ணில் ஒரு துளி விட்டு, பாவை விரிகிறதா என்று பார்த்தது அந்தக் காலத்துச் சோதனை. இப்போது கருவிகள் வந்துவிட்டதால் பூனைகள் பிழைத்தன.

தெரியாமல் உண்டவர்களின் வரலாறு நீண்டது. 1676இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜேம்ஸ்டவுனில் கிளர்ச்சியை அடக்க வந்த படைவீரர்கள் சிலர் இதன் இளந்தளிரைக் கீரை என்று எண்ணி வேகவைத்து உண்டு 11 நாட்கள் புத்தி பேதலித்துக் கிடந்ததாக ராபர்ட் பெவர்லி என்பவர் 1705இல் எழுதினார். ஒருவர் ஒரு சிறகைக் காற்றில் ஊதி ஊதிப் பறக்கவிட்டாராம். இன்னொருவர் அதன் மீது வைக்கோலை ஈட்டியாக எறிந்தாராம். தங்களையே மாய்த்துக்கொள்வார்களோ என்று அஞ்சி அவர்களை அடைத்து வைத்தார்கள். தெளிந்த பின் ஒருவருக்கும் எதுவும் நினைவில் இல்லை. ஸ்ட்ரமோனியம் வகைக்கு ஆங்கிலத்தில் இன்றும் அந்த ஊரின் பெயரே வழங்குகிறது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். உங்கள் ஊருக்கு எல்லை தாண்டி இருக்கும் சித்தூர் மாவட்டத்தில், 2020 ஏப்ரலில், ஊமத்தை விதை கொரோனாவைத் தடுக்கும் என்ற டிக்டாக் காணொளியை நம்பி அதை அரைத்துக் குடித்த பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். காணொளியை வைத்து அளவைத் தீர்மானிப்பவர்களுக்கு அந்தச் செய்தியை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் ஊமத்தை இல்லை என்பது சரிதான். அதனால் அது பாதுகாப்பானது என்று பொருள்படாது. அரளிக்கும்தான் அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆனால் தீங்கு நேரும் என்று தெரிந்தே ஒருவருக்கு நச்சுப் பொருளையோ மயக்கப் பொருளையோ கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 123ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். நண்பர்கள் கூடி முயன்று ஒருவன் இறந்துவிட்டால், காய்ச்சிக் கொடுத்த கை யாருடையது என்பதைத்தான் காவல்துறை முதலில் கேட்கும்.

கீழ்வயல்

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. காயின் அடியில் இருக்கும் கழுத்துப்பட்டையை ஏரிக்கரைச் செடியிலும் கோயில் செடியிலும் பார்த்துவிட்டேன். சித்தப்பா மகனையும் அவன் நண்பர்களையும் உட்கார வைத்து இந்த உரையாடல் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். சட்டமும் வரலாறும் அவர்களை அசைக்கவில்லை. சிறுநீர்க் குழாயைப் பற்றிய வரியில்தான் இருவர் எழுந்து போனார்கள். சித்தப்பா மகன் மட்டும் விடாமல் ஒரு கேள்வி கேட்கிறான். அட்ரோபின் மருத்துவமனையில் உயிர்காக்கும் மருந்தாகப் பயன்படுகிறது என்று அவன் எங்கோ படித்திருக்கிறான்; நஞ்சு என்றால் அதை எப்படி நோயாளிக்கு ஏற்றுகிறார்கள் என்கிறான். இதற்குப் பதில் கிடைத்தால் பேச்சு முடிந்துவிடும்.

செடிகளை அகற்றிவிடலாம் என்று ஊரில் பேசியிருக்கிறோம். எங்கள் கீரைப் பாத்திகள் ஏரிக்கரையை ஒட்டியே இருப்பதால், வெட்டி எரித்துவிடலாமா என்பதையும் யாராவது தெரிவிக்க வேண்டுகிறேன்.

இரவுப்பணி

தம்பியின் தம்பி படித்தது உண்மை. பூச்சிமருந்து குடித்தவர்கள் எங்கள் பிரிவுக்கு வராத வாரம் அரிது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து, நரம்புகளின் செய்தியைக் கடத்தும் அசிட்டைல்கோலின் என்னும் பொருளை உடலில் பெருக்கெடுக்க வைக்கிறது. எச்சிலும் சளியும் பெருகி, நுரையீரலில் நீர் கோத்து, நோயாளி தன் சளியிலேயே மூழ்குவார். அட்ரோபின் அதே அசிட்டைல்கோலினின் வேலையைத் தடுப்பதால் அவரைக் காப்பாற்றுகிறது. ஊமத்தை உண்டவருக்கோ அங்கே தடுக்க வேண்டியது எதுவும் இல்லை; இயல்பாக நடக்கும் எச்சில் சுரப்பும் வியர்வையும் சிறுநீர்க் கழிவும் நினைவுமே தடைபடுகின்றன.

நாங்கள் அதை ஏற்றும் விதத்தையும் அவன் தெரிந்துகொள்ளட்டும். குப்பியின் மேல் அளவு மில்லிகிராமில் அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறை ஏற்றியதும் நுரையீரலில் காது வைத்து, நாடி பார்த்து, கண்பாவை பார்த்து, அடுத்ததை ஏற்றலாமா என்று முடிவெடுப்போம். அப்படி இருந்தும் சில நேரம் அளவு கூடிவிடும். அப்போது பூச்சிமருந்து குடித்தவரே காற்றில் நூல் பிரிக்கத் தொடங்குவார். உடனே நிறுத்துவோம். ஊமத்தையை விழுங்கியவருக்கு அதை நிறுத்த வழியில்லை. இதன் மாற்றுமருந்தான பைசோஸ்டிக்மின் எல்லா மருத்துவமனைகளிலும் எளிதில் கிடைப்பதும் இல்லை. பெரும்பாலும் தூக்கமருந்து கொடுத்து, குளிர்வித்து, குழாய் செருகி, நஞ்சு தானாக இறங்கும் வரை காத்திருக்கிறோம்.

பச்சையேடு

எரிக்க வேண்டாம். புகையிலும் ஆல்கலாய்டு இருக்கும். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. காய் வெடிப்பதற்கு முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குவதே நல்லது. கையுறை அணியுங்கள். வேலை முடிந்து சோப்பு போட்டுக் கழுவும் வரை கண்ணைக் கசக்காதீர்கள். சாறு பட்ட விரலால் ஒரு கண்ணைத் தொட்டாலே அந்தப் பாவை மட்டும் விரிந்துவிடும். ஒரு பாவை பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பதைப் பார்த்து மூளையில் ரத்தக்கசிவோ என்று அஞ்சி ஸ்கேனுக்கு அனுப்பப்பட்ட தோட்டவேலைக்காரர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் உண்டு. பிடுங்கியதைக் கால்நடை நெருங்காத இடத்தில் ஆழக்குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள். முற்றிய காய் இருந்தால் அதைத் தனியே ஒரு சாக்கில் கட்டிவிட்டுச் செடியை அசைப்பது நல்லது. இல்லாவிட்டால் பிடுங்கும் வேகத்தில் நீங்களே விதைத்துவிடுவீர்கள்.

கீரைப் பாத்தியைப் பற்றி நீங்கள் கேட்டது மிகவும் முக்கியம். 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் கடைகளில் விற்ற இளம் பசலைக்கீரையில் ஊமத்தை இலை கலந்துவிட்டதால் ஏறத்தாழ 200 பேர் பாதிக்கப்பட்டார்கள். பயிரோடு களையாக வளர்ந்த நாற்று அறுவடையில் சேர்ந்து வந்துவிட்டது. 2019இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவில் இதே நஞ்சு கலந்திருந்து, 300 பேர் வரை நோயுற்று ஐவர் இறந்தார்கள். ஊமத்தை நாற்று முளைக்கும்போது அதன் முதல் இரண்டு வித்திலைகளும் நீண்டு ஒடுங்கியிருக்கும். அடுத்து வரும் இலை அகன்றிருக்கும். தண்டுக்கீரை, சிறுகீரை நாற்றுகளிடையே அது பார்த்த உடன் வேறாகத் தெரியும். ஆனால் கட்டாக அறுத்து முடிந்துவிட்டால் தெரியாது. ஆகவே அறுப்பதற்கு முன் பாத்தியிலேயே பார்க்க வேண்டும். கீரை ஆய்பவர்களுக்கும் இந்த இலையைக் காட்டி வையுங்கள்.

ஒருமுறை பிடுங்கினால் தீர்ந்துவிடாது என்பதையும் ஊரில் சொல்லிவிடுங்கள். 1902இல் அமெரிக்காவில் சோதனைக்காக மண்ணில் புதைத்து வைத்த ஸ்ட்ரமோனியம் விதைகளில் பெரும்பாலானவை 39 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தன. குப்பைமேட்டிலிருந்து எருவை அள்ளி வயலுக்கு அடிக்கும் வழக்கம் உங்கள் ஊரிலும் இருக்கும். இந்த ஆண்டு அந்தப் பக்கத்து எருவை மட்டும் கீரைப் பாத்திக்குக் கொண்டு போக வேண்டாம்.